கூடிப் பாடும் ஊர்

நியூ ஆர்லியன்ஸில் வழி கேட்டால் கிழக்கு, மேற்கு என்று யாரும் சொல்வதில்லை. மிசிசிப்பி ஆறு ஊரை வளைத்துக்கொண்டு ஓடுகிறது. தெருக்களும் அதனோடு சேர்ந்து வளைகின்றன. அதனால் ஆற்றுப்பக்கம், ஏரிப்பக்கம், மேலூர், கீழூர் இவைதான் அங்கே நான்கு திசைகள். செயின்ட் சார்ல்ஸ் அவென்யூவில் ஓடும் பச்சை நிற டிராமில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூதாட்டியிடம் காம்ப் தெருவுக்கு எப்படிப் போவது என்று கேட்டேன். "நெப்போலியன் அவென்யூவுக்குக் கொஞ்சம் முன்னாடி இறங்கிடுங்க, அப்படியே ஆற்றுப்பக்கம் நடங்க" என்றார். அந்தத் தடத்தில் 1835 முதல் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. இன்று ஓடும் பெட்டிகளே 1920களில் செய்தவை. மர இருக்கை, திறந்த ஜன்னல், ஓட்டுநர் கைப்பிடியைத் திருப்பும்போதெல்லாம் ஓர் உறுமல். இசையைத் தேடிப் போகிறவனுக்கு ஏற்ற வாகனம்.

நான் அந்த ஊருக்குப் போனதற்குக் காரணம், தொழில்முறைப் பாடகர்கள் அல்லாத சிலர் சேர்ந்து அங்கே ஸ்விங் என்ற ஜாஸ் பாணியில் ஒரு குரலிசைக் குழுவை உருவாக்கிக்கொண்டிருந்ததுதான். ஒரு நண்பர் மூலம் அறிமுகம் கிடைத்தது. ஒத்திகைக்கு வந்து உட்காரலாம் என்று அனுமதியும் கொடுத்தார்கள். அதற்கு முன்பு, அவர்கள் கற்றுக்கொண்டிருந்த கலை எந்த வீட்டில் வளர்ந்ததோ அந்தத் தெருவைப் பார்த்துவிட நினைத்தேன்.

டிராமை விட்டு இறங்கி நடந்தால் ஆஸ்டர்லிட்ஸ், மரெங்கோ, மிலான் என்று நெப்போலியனின் படையெடுப்பை நினைவூட்டும் பெயர்களாகவே தெருக்கள் வருகின்றன. ஓக் மரங்களின் வேர்கள் நடைபாதைக் கற்களைத் தூக்கி நிறுத்தியிருக்கின்றன. மார்டி கிரா திருவிழா ஊர்வலத்தில் வீசிய பாசிமணி மாலைகள் கிளைகளில் இன்னும் தொங்குகின்றன. பரபரப்பான மகஸீன் தெருவுக்கு ஒரு தெரு முன்னால், அமைதியாக, நிழலாகக் கிடக்கிறது காம்ப் தெரு. 1914-இல் பாஸ்வெல் குடும்பம் நியூ ஆர்லியன்ஸுக்குக் குடிவந்து வாழ்ந்தது இந்தத் தெருவில்தான். பின்னாளில் பாஸ்வெல் சகோதரிகள் என்ற பாட்டுக்குழுவான அந்த வீட்டுப் பெண்கள் மூவரில், மார்த்தா 1905-இலும், கோனி 1907-இலும், வெட் என்று அழைக்கப்பட்ட ஹெல்வீஷியா 1911-இலும் பிறந்தவர்கள். கோனிக்குக் குழந்தைப் பருவத்திலேயே கால்கள் செயலிழந்துவிட்டன. வாழ்நாள் முழுக்க அவருக்குச் சக்கர நாற்காலிதான்.

அந்த வீட்டில் பாட்டு என்பது சாப்பாட்டோடும் பேச்சோடும் கலந்த ஒன்று. அப்பா, அம்மா, பெரியவர்களில் இன்னொரு தம்பதி என நான்கு பேர் சேர்ந்து நான்கு குரல் பகுதிகளாகப் பாடுவார்கள். அண்ணன் தம்பி இருவர் அக்கா தங்கை இருவரை மணந்த குடும்பம் அது. பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தார்கள். மூவருக்கும் முறையான மேற்கத்திய சாஸ்திரீய இசைப் பயிற்சியும் கிடைத்தது: மார்த்தாவுக்குப் பியானோ, கோனிக்குச் செல்லோ, வெட்டுக்கு வயலின். ஆனால் ஜன்னலுக்கு வெளியே ஊரே ஜாஸ் வாசித்துக்கொண்டிருந்தது. கறுப்பினப் பாடகி மேமி ஸ்மித்தின் பாட்டைக் கோனி ஊன்றிக் கேட்டார். இத்தாலியப் பாடகர் கரூஸோவின் இசைத்தட்டுகளைக் கேட்டு, மூச்சை எப்படி நீட்டுவது என்று படித்தார். இரண்டையும் ஒரே காதால் கேட்கத் தெரிந்ததுதான் அவருடைய மேதைமை.

மூவரும் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு விளையாட்டு மொழியும் வைத்திருந்தார்கள். சொல்லுக்கு நடுவே வேறோர் அசையைச் செருகிவிடுவார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் ஒவ்வோர் எழுத்துக்கு முன்னும் 'க' சேர்த்து ரகசியம் பேசுவதைப் போன்ற விளையாட்டு. அதை அப்படியே பாட்டுக்குள் கொண்டுவந்து, மூன்று குரல்களிலும் இணைத்து, மின்னல் வேகத்தில் பாடினார்கள். ஒரே வீட்டில் வளர்ந்த தொண்டைகளுக்குத்தான் அது முதலில் சாத்தியமாயிற்று.

1925 மார்ச்சில் விக்டர் நிறுவனம் நியூ ஆர்லியன்ஸுக்கு ஒலிப்பதிவுக் கருவிகளைக் கொண்டுவந்தபோது இவர்களும் பாடினார்கள். மார்த்தாவுக்கு 19, கோனிக்கு 17, வெட்டுக்கு 13 வயது. 1928-இல் ஊரை விட்டுக் கிளம்பினார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் வானொலியில் பாடிப் பெயர் வாங்கி, 1931-இல் நியூயார்க் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே பிரன்ஸ்விக் நிறுவனத்துக்காக, டார்ஸி சகோதரர்கள் போன்ற தேர்ந்த வாத்தியக்காரர்களோடு பாடிய பதிவுகள்தான் இன்றளவும் குரலிசைக் குழுக்களுக்குப் பாடப்புத்தகம். பாட்டின் நடுவில் தாளத்தைப் பாதியாகக் குறைப்பார்கள், உடனே இரட்டிப்பாக்குவார்கள், மகிழ்ச்சியான மேஜரிலிருந்து மைனருக்குத் தாவுவார்கள், வரிகளைக் கலைத்துப் போட்டு வெற்று அசைகளாலேயே எக்காளம் ஊதுவார்கள். தெரிந்த மெட்டைச் சிதைக்கிறார்கள் என்று வானொலிக்குக் கண்டனம் எழுதியவர்களும் உண்டு. 1936-இல் குழு கலைந்தது. மார்த்தாவும் வெட்டும் குடும்ப வாழ்க்கைக்குப் போனார்கள். கோனி தனியாகப் பாடினார்.

ஆனால் அதற்குள் விதை பல இடங்களில் விழுந்துவிட்டது. வடக்கே மினியாபோலிஸில் ஆண்ட்ரூஸ் வீட்டுப் பெண்கள் மூவர் வானொலி முன்னால் உட்கார்ந்து, பாஸ்வெல்களின் தெற்கத்தி உச்சரிப்பு உட்பட அனைத்தையும் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னாளில் இரண்டாம் உலகப் போர்க் கால அமெரிக்காவின் குரலாகவே அறியப்பட்ட ஆண்ட்ரூஸ் சிஸ்டர்ஸ் அவர்கள்தான். நியூயார்க்கில், 1934 நவம்பர் 21 அன்று, ஹார்லெமின் அப்போலோ அரங்கில் புதியவர்களுக்கான போட்டி. ஆடுவதற்கென்று வந்த 17 வயதுக் கறுப்பினப் பெண் கடைசி நொடியில் மனம் மாறிப் பாடத் தொடங்கினாள். அவள் பாடியது கோனி பாஸ்வெல்லின் பாணியில். பரிசும் அவளுக்கே. எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற பெயரை உலகம் அறியத் தொடங்கியது அந்த இரவில். ஒரு வீட்டுக் கூடத்தில் பிறந்த பாட்டு, மேடை ஏறியிராத இன்னொரு பெண்ணின் தொண்டையில் போய் உட்கார்ந்தது. இந்தக் கலையின் வரலாறு முழுவதும் இப்படித்தான் நடந்திருக்கிறது.

காம்ப் தெருவோடு நிறுத்திக்கொண்டால் பாதிக் கதைதான் தெரியும். மறுபாதிக்கு நகரின் மையத்தில் உள்ள தெற்கு ராம்பார்ட் தெருவுக்குப் போக வேண்டும். 1901-இல் பிறந்த லூயி ஆம்ஸ்ட்ராங் எக்காளத்தால் பெயர் பெறுவதற்கு முன் பாடகராக இருந்தார். பத்துப் பன்னிரண்டு வயதில், தன் வயதுப் பையன்கள் மூவரோடு சேர்ந்து நாற்குரல் குழு அமைத்து, இந்தப் பகுதித் தெருக்களில் பாடிக் காசு வாங்கினார். நான்கு ஏழைச் சிறுவர்கள், வாத்தியம் எதுவும் கிடையாது, காதால் பிடித்த சுருதி மட்டும்தான். அமெரிக்க நாற்குரல் இசை என்றதும் கோடு போட்ட மேலங்கி அணிந்த வெள்ளைக்காரர்களின் படம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் அதன் வேர் கறுப்பினச் சிறுவர்களும் இளைஞர்களும் தெருமுனைகளிலும் முடிதிருத்தும் கடைகளிலும் கூடிப் பாடியதில் இருக்கிறது என்று ஆய்வாளர் லின் ஆபட் 1992-இல் விரிவாக எழுதினார். 1938-இல் டல்ஸா நகரில் தொடங்கிய நாற்குரல் பாடகர் சங்கத்தில் 1963 வரை கறுப்பினத்தவருக்கு உறுப்பினராக இடமில்லை. கலையைக் கொடுத்தவர்களுக்குக் கதவு சாத்தப்பட்டது. இதைச் சொல்லாமல் இந்த இசையின் இனிமையை மட்டும் பேசுவது நியாயமாகாது.

சிறுவன் ஆம்ஸ்ட்ராங் வேலை பார்த்த, அவருக்கு முதல் வாத்தியம் வாங்க முன்பணம் கொடுத்த கார்னோஃப்ஸ்கி குடும்பத்தின் கடைக் கட்டடம் ராம்பார்ட் தெருவில் நெடுங்காலம் நின்றது. 2021 ஆகஸ்டில் வந்த ஐடா புயலில் அது இடிந்து விழுந்தது. நான் போனபோது சுற்றிலும் வாகன நிறுத்தங்கள்தான். ஆம்ஸ்ட்ராங் 1926-இல் வெற்று அசைகளால் பாடிப் பதிவு செய்த 'ஹீபி ஜீபீஸ்' பாட்டைப் பாஸ்வெல் சகோதரிகளும் பிறகு தங்கள் மூன்று குரல்களில் பாடிப் பதிவு செய்தார்கள். ஒரே மேடையில் நிற்க அன்றைய ஊர் அனுமதிக்காதவர்களை ஒரே பாட்டு இணைத்தது.

திங்கட்கிழமை மாலை. நியூ ஆர்லியன்ஸில் திங்கள் என்றால் சிவப்பு பீன்ஸும் சோறும். துணி துவைக்கும் நாளில் அடுப்பில் தானாக வேகட்டும் என்று ஏற்றி வைத்த உணவு, பிறகு ஊர் வழக்கமாகிவிட்டது. ஒத்திகை நடக்கும் வீட்டுக்குள் நுழையும்போதே புகையூட்டிய சாஸேஜ் வாசம் வந்தது. அறைக்குப் பின் அறையாக ரயில் பெட்டி போல் நீளும், 'ஷாட்கன்' என்று சொல்கிற வகை வீடு. முன்னறையில் ஒரு பழைய பியானோ, நான்கு நாற்காலிகள். மூன்று பெண்கள், கிட்டார் வாசிக்கும் ஓர் இளைஞர். குழுவுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

மூவரில் மூத்தவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, கறுப்பினத்தவர். ஆறு வயதிலிருந்து தேவாலயப் பாடகர் குழுவில் பாடி வளர்ந்தவர். ஒலிவாங்கி இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல். இரண்டாமவர் மருத்துவமனைச் செவிலி. பெண்களுக்கான நாற்குரல் பாடகர் குழு ஒன்றில் பல ஆண்டுகள் பாடியவர். மூன்றாமவர் அலுவலகம் ஒன்றில் கணக்கு பார்ப்பவர். பள்ளி வாத்தியக் குழுவில் கிளாரினெட் வாசித்திருக்கிறார். பாடியது வீட்டுக்குள் மட்டும்தான். இந்த மூவரின் குரல்களும் வெவ்வேறு வழியில் வந்தவை. அவற்றை ஒன்றாக்குவதுதான் அந்த அறையில் நடந்துகொண்டிருந்த வேலை.

அந்த வேலை என்னவென்று நம் இசைப் பழக்கத்தை வைத்துச் சொன்னால் எளிதில் விளங்கும். நாம் பலர் சேர்ந்து பாடும்போது எல்லோரும் ஒரே ஸ்வரத்தில்தான் பாடுகிறோம். இங்கே ஒருவர் ஷட்ஜத்தில் நின்றால் இன்னொருவர் அந்தர காந்தாரத்தில், மூன்றாமவர் பஞ்சமத்தில். பாட்டின் மெட்டு நகர நகர மற்ற இரண்டு குரல்களும் கூடவே நகர வேண்டும். ஜாஸ் இசைக்கு உயிர் தருவது இதோடு கைசிகி நிஷாதமும் சேர்ந்த நான்கு ஸ்வரக் கூட்டு. பாட மூன்று பேர்தான் உண்டு என்றால் ஒரு ஸ்வரத்தை விட்டுவிட வேண்டும். பெரும்பாலும் பஞ்சமத்தை விடுவார்கள். அது இல்லாவிட்டாலும் கூட்டின் குணம் மாறாது. காந்தாரத்தையோ நிஷாதத்தையோ விட்டால் நிறமே போய்விடும். எதை விடுவது, யார் எதைப் பிடிப்பது என்று ஒவ்வோர் அடியிலும் முடிவு செய்ய வேண்டும். அன்று மாலை ஒரே ஒரு வரிக்காக நெடுநேரம் பேசினார்கள், பாடிப் பார்த்தார்கள், மாற்றினார்கள்.

அடுத்தது தாளம். ஸ்விங் தாளத்தில் ஒவ்வோர் அடியையும் இரண்டு சமபாதியாகப் பிரிப்பதில்லை. ஏறக்குறைய நம் திஸ்ர நடைபோல் மூன்றாகப் பிரித்து, முதல் இரண்டைச் சேர்த்து நீட்டி, மூன்றாவதைச் சுருக்கமாகத் தட்டிவிடுகிறார்கள். விரல் சொடுக்குவது ஒன்றாம் அடியிலும் மூன்றாம் அடியிலும் அல்ல, இரண்டிலும் நான்கிலும். சமத்தில் தட்டியே பழகிய என் கைக்கு அது முதலில் வசப்படவில்லை. கிட்டார் இளைஞர் என் பக்கம் திரும்பி, காலால் ஒன்றையும் மூன்றையும் வைத்துக்கொண்டு கையால் மற்றதைப் பிடிக்கச் சொன்னார். பிடிபட்டதும் உடம்பே லேசாக முன்னால் சாய்கிறது. ஆட வைக்கும் இசை என்று அதை ஏன் சொல்கிறார்கள் என்பது அப்போதுதான் முழுதாக விளங்கியது.

பாஸ்வெல் சகோதரிகள் பாட்டை வடிவமைத்தது பெரும்பாலும் கூடிப் பேசித்தான், காதால்தான். அதனால் இன்று கற்பவர்கள் பழைய பதிவைத் தணிந்த வேகத்தில் ஓடவிட்டு, ஒவ்வொரு குரலையும் தனித்தனியே காதால் பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது. இவர்கள் மூவரும் தத்தம் பகுதியைக் கைபேசியில் பதிவு செய்து, வேலைக்குப் போகும் வழியில் கேட்டுக் கேட்டுப் படிக்கிறார்கள். ஒத்திகையில் முதலில் சொற்களே கிடையாது. 'ஊ' என்ற உயிரொலி மட்டும். மூன்று வாய்களும் ஒரே வடிவத்தில் திறந்தால்தான் குரல்கள் ஒட்டும் என்றார் செவிலி. பிறகு நெருக்கமாக வட்டமிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி, மிக மெல்லப் பாடினார்கள். பாஸ்வெல் சகோதரிகளும் ஒலிவாங்கிக்கு அருகில் தணிந்த குரலில் பாடியே அந்த நெருக்கத்தை உண்டாக்கினார்கள்.

ஒவ்வொருவருக்கும் தன்னுடைய பழைய பயிற்சியே பலமாகவும் தடையாகவும் இருந்தது. ஆசிரியைக்குத் தேவாலயம் கற்றுக்கொடுத்த முழுக்குரலும் அதிர்வும். அவற்றை அடக்கினால்தான் மற்ற இருவரின் குரல் கேட்கும். "நான் கடவுளுக்காகப் பாடிப் பழகியவள். இப்போது பக்கத்தில் இருப்பவளுக்காகப் பாடக் கற்கிறேன்" என்று அவர் சொன்னதில் துளி வருத்தமும் இல்லை. செவிலிக்கு ஸ்வரக் கூட்டு கணீரென்று ஒலிக்கும்வரை நீட்டிப் பிடிக்கும் பழக்கம். ஸ்விங்கில் அது ஒலிக்கும்போதே வெட்டிவிட்டு அடுத்ததற்குத் தாவ வேண்டும். மூன்றாமவருக்குக் குரல் சிறியது, மேடை அனுபவம் இல்லை. ஆனால் கிளாரினெட் வாசித்த காலத்தில் மெட்டுக்குக் கீழே ஓடும் பகுதியைத்தான் ஆண்டுக்கணக்கில் வாசித்திருக்கிறார். பக்கத்தில் யார் என்ன பாடினாலும் தன் ஸ்வரத்தை விட்டு அசையவில்லை. அன்று மாலை குழுவைத் தாங்கி நின்றது அந்தச் சிறிய குரல்தான்.

நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் ஒரு பாட்டு முழுதாகக் கூடியது. மூன்று குரல்களில் எது யாருடையது என்று என்னால் பிரிக்க முடியவில்லை. பாடிய மூவரும் பாட்டு முடிந்ததும் சில நொடிகள் பேசவில்லை; பிறகு ஒரே நேரத்தில் சிரித்தார்கள். சமையலறையில் பீன்ஸ் ஆறிப்போயிருந்தது. சூடாக்கித் தட்டுகளில் போட்டுக்கொண்டு, அந்தப் பாட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

அந்த வார இறுதியில் அதே வீட்டின் முகப்புத் திண்ணையில் அவர்களுடைய முதல் கச்சேரி. 2020-இல் பெருந்தொற்று அரங்குகளை மூடியபோது இந்த ஊர்க் கலைஞர்கள் வீட்டுத் திண்ணைகளில் நின்று பாடினார்கள், வாசித்தார்கள்; அந்தப் பழக்கம் பல தெருக்களில் வேரூன்றிவிட்டது. அக்கம்பக்கத்தார் மடக்கு நாற்காலிகளோடு வந்தார்கள். ஒரு வயதான தம்பதி தெருவிலேயே ஆடத் தொடங்க, இளையவர்கள் சிலர் சேர்ந்துகொண்டார்கள். இரண்டாவது பாட்டில் ஓரிடத்தில் குரல்கள் பிரிந்துபோயின. யாரும் நிறுத்தவில்லை, கணக்காளர் தன் ஸ்வரத்தைப் பிடித்து நிற்க, மற்ற இருவரும் அடுத்த அடியில் வந்து சேர்ந்துகொண்டார்கள். கேட்டவர்களில் பலருக்கு அது தெரிந்தே இருக்காது. ஒத்திகையைப் பார்த்திருந்த எனக்கு, இவர்கள் இப்போது ஒரு குழு என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று தேவைப்படவில்லை.

நியூ ஆர்லியன்ஸில் இந்தக் கலையைத் தொழில்முறையாகப் பாடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஃபிஸ்டர் சிஸ்டர்ஸ் என்ற குழு 1979 முதல் பாஸ்வெல் பாட்டுகளை உயிரோடு வைத்திருக்கிறது. இரண்டாம் உலகப் போர் அருங்காட்சியகத்தில் விக்டரி பெல்ஸ் என்ற மூவர் குழு ஆண்ட்ரூஸ் சிஸ்டர்ஸ் காலத்துப் பாட்டுகளைப் பாடுகிறது. அவர்களையும் கேட்க வேண்டும். ஆனால் அந்தத் திண்ணையில் நான் கண்டது வேறு. காம்ப் தெரு வீட்டிலும் ராம்பார்ட் தெரு முனையிலும் இந்தக் கலை எப்படித் தொடங்கியதோ அப்படியே இன்னும் தொடங்கிக்கொண்டிருக்கிறது. அருங்காட்சியகம் பதிவுகளைக் காப்பாற்றும். கலையைக் காப்பாற்றுவது வேலை முடிந்து வந்து பாடும் செவிலியும் கணக்காளரும்தான்.

நமக்கும் இது முற்றிலும் புதிதல்ல. இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன் 1970களின் தொடக்கத்தில் மெட்ராஸ் யூத் கொயர் என்ற குழுவை அமைத்து, சாதாரண இளைஞர்களைச் சேர்த்து, தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் பல குரல் பகுதிகளாகப் பாட வைத்தார். பின்னணி இசையிலும் கோரஸ் குரல்களிலும் இளையராஜா கட்டிய ஸ்வரக் கூட்டுகளைக் கேட்டே ஒரு தலைமுறை வளர்ந்திருக்கிறது. காது தயாராகத்தான் இருக்கிறது. தனியாகப் பாடிக் கைபேசியில் பதிவு செய்து அனுப்பும் நம் நண்பர்களில் மூன்று பேர் ஒரே அறையில் உட்கார்ந்தால் போதும்.

உங்கள் தெருவில் பாடத் தெரிந்தவர்களை அழையுங்கள். வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்குங்கள். எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை எடுத்து, ஒருவர் மெட்டைப் பாட, மற்றவர்கள் அதற்கு மேலும் கீழும் ஒரு ஸ்வரத்தைத் தேடுங்கள். பெரிய குரல் தேவையில்லை. பக்கத்தில் இருப்பவரைக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும், மற்றதைப் பழகிக்கொள்ளலாம்.